நாய் இனத் தடையும் நாய் வளர்ப்போரும்

2024ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், மத்திய அரசின் கால்நடைப் பராமரிப்பு, பால்வளத் துறை எல்லா மாநில, யூனியன் பிரதேச அரசுகளின் தலைமைச் செயலாளர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. மூர்க்க குணம் உடையவை என்று கருதப்பட்ட 23 வகை நாய்களையும் அவற்றின் கலப்பினங்களையும் வளர்ப்பதற்கோ, விற்பதற்கோ, இனப்பெருக்கம் செய்வதற்கோ உள்ளாட்சி அமைப்புகள் உரிமம் வழங்கலாகாது என்று அக்கடிதம் கேட்டுக் கொண்டது. ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் அவ்வகை நாய்கள் மேலும் பெருகாதவாறு அவற்றுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட வேண்டும் என்றும் அது கூறியது. ஏப்ரல் 10ஆம் நாள் கர்நாடக உயர் நீதிமன்றம் அக்கடிதத்தைச் செல்லாது என்று அறிவித்தது. ஏப்ரல் 16ஆம் நாள் டில்லி உயர் நீதிமன்றமும் அதனை நீக்கியது. ஆக, ஒரு நாடு தழுவிய நடவடிக்கை முப்பத்தைந்து நாட்களில் முடிவுக்கு வந்தது.

வழக்குத் தொடுத்தவர்கள் நாய் வணிகர்கள் மட்டும் அல்லர். பெங்களூரில் வழக்காடியவர்களுள் நாய்களைப் பழக்கும் தொழில் செய்பவரும், வீட்டில் ராட்வைலர் நாய் ஒன்றை வளர்ப்பவரும் இருந்தனர். சாதாரணக் குடும்பங்கள் அரசுக் கடிதம் ஒன்றை எதிர்த்து இவ்வளவு விரைவாக நீதிமன்றப் படி ஏறுவது அன்றாடம் காணும் நிகழ்ச்சி அன்று. அவர்களுடைய எதிர்ப்பில் நியாயமானது எது, உணர்ச்சி வேகத்தில் எழுந்தது எது, நிர்வாகம் அதிலிருந்து தெரிந்து கொள்ளத் தக்கது எது என்பன ஆராயத் தக்கவை.

கடிதத்தின் பின்னணி

இக்கடிதம் திடீரென்று பிறந்ததன்று. 2022 ஜூலையில் லக்னோ நகரில், வீட்டில் வளர்ந்த பிட்புல் நாய் கடித்து 82 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த நாய் வெளியாருடையது அன்று. அதே வீட்டில் அவர் கையால் உணவு உண்டு வளர்ந்தது. நாடெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்திய இந்நிகழ்ச்சிக்குப் பின் வட இந்திய நகரங்கள் சில ஒன்றன்பின் ஒன்றாக நடவடிக்கையில் இறங்கின. கான்பூர் மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் ஆகிய இரண்டையும் தடை செய்தது. காசியாபாத் மாநகராட்சி அதே ஆண்டு அக்டோபரில் இவ்விரண்டோடு டோகோ அர்ஜென்டினோ என்ற இனத்தையும் சேர்த்துத் தடை விதித்தது. அவ்வினங்களை ஏற்கெனவே வைத்திருப்போர் இரண்டு மாதத்திற்குள் கருத்தடை அறுவை செய்து கொள்ள வேண்டும் என்றது. ஒரு குடும்பத்திற்கு ஒரு நாய் என்ற வரம்பும், பொது இடங்களில் நாய்க்கு வாய்மூடி அணிவிக்க வேண்டும் என்ற விதியும், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பணியாளர்களுக்கான மின்தூக்கியிலேயே நாயைக் கொண்டு செல்ல வேண்டும் என்ற விதியும் அதே தீர்மானத்தில் இருந்தன.

பின்னர் இந்தப் பிரச்சினை டில்லி உயர் நீதிமன்றத்தை எட்டியது. அபாயகரமான இனங்களைத் தடை செய்யக் கோரும் மனுவைப் பரிசீலித்து, இயன்றவரை மூன்று மாதத்திற்குள் முடிவு எடுக்குமாறு அந்நீதிமன்றம் 2023 டிசம்பர் 6ஆம் நாள் மத்திய அரசுக்குக் கூறியது. கால்நடைப் பராமரிப்பு ஆணையர் தலைமையில் குழு ஒன்று கூடியது. அக்குழுவின் பரிந்துரையே மார்ச் மாதக் கடிதமாக உருவெடுத்தது.

அரசியலமைப்பின் அமைப்பும் இங்கு நினைவில் கொள்ளத் தக்கது. விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுத்தல் பொதுப் பட்டியலில் 17ஆம் பதிவு. கால்நடைகளைப் பேணுதலும் விலங்கு நோய்த் தடுப்பும் மாநிலப் பட்டியலில் 15ஆம் பதிவு. நாய்க்கு உரிமம் வழங்குவதோ நகராட்சியின் வேலை. ஆகவே டில்லியிலிருந்து செல்லும் கடிதம் கடைசியில் ஒரு நகராட்சி எழுத்தரின் மேசையில்தான் செயலுக்கு வருகிறது. அந்த மேசையின் எதிர்ப்பக்கம் நாய் வளர்ப்போர் நிற்கின்றனர்.

பெயரும் உருவமும்

வளர்ப்போர் எழுப்பிய முதல் வினா பட்டியலைப் பற்றியதே. பிட்புல் டெரியர், டோசா இனு, ஃபிலா பிரசிலேரோ, கங்கால், காக்கேசியன் ஷெப்பர்டு, அக்பாஷ், கேன் கோர்சோ, ரொடீஷியன் ரிட்ஜ்பேக் என்று நீளும் அப்பட்டியலில், இந்திய வீதிகளில் காண்பதற்கே அரிய பெயர்கள் பல. அவற்றின் இடையே ‘டெரியர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லும் இருந்தது. டெரியர் என்பது ஓர் இனம் அன்று, பெரியதொரு குடும்பம். மடியில் வைத்துக் கொஞ்சப்படும் யார்க்‌ஷயர் டெரியரும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ‘மாஸ்டிஃப்கள்’ என்ற சொல்லும் அத்தகையதே. டோசா என்ற ஜப்பானிய நாய் பட்டியலில் இரு இடங்களில் வேறு வேறு பெயரால் காணப்பட்டது. இத்தகைய குறைகள் நாய்களை அறிந்தவர் கண்ணில் உடனே பட்டன. பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு நாய்களைப் பற்றித் தெரியவில்லை என்ற எண்ணம் வளர்ப்போரிடையே வேரூன்றி விட்ட பிறகு, கடிதத்தின் நோக்கம் எவ்வளவு நல்லதாயினும் அது செவியில் ஏறவில்லை.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. தடைச் சட்டங்கள் எல்லாவற்றிலும் முதலிடம் பெறும் பிட்புல் நாயை, நாய் இனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு தனி இனமாக ஏற்கவே இல்லை. ஏற்கப்பட்ட இலக்கணம் இல்லாத ஒன்றை எப்படி அடையாளம் காண்பது? நம் நாட்டில் பெரும்பான்மையான வளர்ப்பு நாய்களுக்கு கென்னல் கிளப் சான்றிதழ் கிடையாது. நகராட்சிப் படிவத்தில் ‘இனம்’ என்ற இடத்தில் எழுதப்படுவது வளர்ப்பவர் சொல்லும் சொல்தான். கலப்பினங்களும் தடைக்கு உட்பட்டவை என்றால், எத்தனை தலைமுறைக்கு முன் கலந்தது, எந்த அளவுக்குக் கலந்தது என்ற வினாக்கள் எழுகின்றன. நாயின் தலை அகலத்தையும் மார்பையும் பார்த்துப் பரம்பரையை உறுதி செய்வது கால்நடை மருத்துவர்களுக்கே எளிதன்று.

சட்டம் ஒரு வகையைப் பார்க்கிறது. வளர்ப்பவர் ஒரு நாயைப் பார்க்கிறார். அதற்கு அவர் இட்ட பெயர் உண்டு, வயது உண்டு, பழக்கங்கள் உண்டு. ஏழாண்டுகள் தம் பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து ஒரு முறையும் பல் காட்டாத நாய், ஒரு காலை நேரத்தில் மூர்க்க விலங்கு என்று அறிவிக்கப்படும்போது, அது தம் குடும்பத்தின்மீது சாட்டப்பட்ட குற்றமாகவே அவருக்குத் தோன்றுகிறது. ‘என் நாய் அப்படிப்பட்டதன்று’ என்று எல்லா நாடுகளிலும் நாய் வளர்ப்போர் ஒரே குரலில் சொல்வதன் காரணம் இதுவே. பெரும்பாலோர் விஷயத்தில் அது உண்மையும் ஆகும். ஆனால் லக்னோ வீட்டிலும் ஜூலை மாதத்திற்கு முன்பு அவ்வாறே சொல்லியிருப்பார்கள் என்பதையும் மறத்தற்கில்லை.

வளர்ப்போர் மேற்கொள்ளும் வழிகள்

தடை வந்ததும் எல்லோரும் ஒரே விதமாக நடந்து கொள்வதில்லை. வசதியும் கல்வியும் உடையோர் நீதிமன்றத்தை நாடுகின்றனர். இவர்களே செய்தித்தாள்களில் இடம் பெறுகின்றனர். எண்ணிக்கையில் இவர்கள் சிறுபான்மையினர்.

அதிகமானோர் மேற்கொள்வது ஓசையற்ற வழி. நாயின் இனப்பெயரை மாற்றிச் சொல்வது, பதிவு செய்யாமலே இருந்து விடுவது, பதிவு இருந்தால் புதுப்பிக்காமல் விடுவது, பகலில் வெளியே கொண்டு செல்லாமல் மாடியில் கட்டி வைப்பது ஆகியன இதில் அடங்கும். இதன் விளைவுகள் நிர்வாகம் விரும்பியவற்றிற்கு நேர் மாறானவை. பதிவிலிருந்து மறைந்த நாய் தடுப்பூசிக் கணக்கிலிருந்தும் மறைகிறது. உடற்பயிற்சியும் வெளியுலகப் பழக்கமும் இல்லாமல் கட்டிப்போடப்பட்ட பெரிய நாய் எரிச்சல் மிகுந்ததாகவும் அயலாரைக் கண்டால் அஞ்சுவதாகவும் ஆகிறது. அஞ்சிய நாய் கடிக்கும் என்பது கால்நடை மருத்துவத்தின் அரிச்சுவடி.

மூன்றாவது வழி எல்லாவற்றிலும் துயரமானது. அபராதத்திற்கும் அண்டை வீட்டாரின் பகைக்கும் அஞ்சி நாயை ஊருக்கு வெளியே விட்டு வருவோர் உண்டு. வீட்டில் பாலும் சோறும் உண்டு வளர்ந்த பிட்புல் நெடுஞ்சாலை ஓரத்தில் தெரு நாய்களிடையே விடப்படுகிறது. அது பிழைப்பது அரிது. பிழைத்தால், எந்த அபாயத்தைத் தடுக்கச் சட்டம் வந்ததோ அந்த அபாயம் கட்டுப்பாடே இன்றித் தெருவில் நடமாடுகிறது. விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமே. ஆனால் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்திற்கு விதிக்கப்பட்ட அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. நாய்ச் சண்டை நடத்துவதற்கும் அதே தொகைதான். பிட்புல் இனத்தின் வரலாறு நாய்ச் சண்டையோடு பிணைந்தது என்பதை எண்ணும்போது, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாறாத இந்த ஐம்பது ரூபாய் வியப்பைத் தருகிறது.

தடையை வரவேற்ற வளர்ப்போரும் இருந்தனர் என்பதைச் சொல்லாமல் விட்டால் படம் முழுமை பெறாது. எந்தப் பயிற்சியும் தராமல், யாருக்கு விற்கிறோம் என்றும் பாராமல், காவலுக்கு என்றும் பெருமைக்கு என்றும் குட்டிகளை விற்போர்மீது பொறுப்புள்ள வளர்ப்போருக்கே கோபம் உண்டு. இறக்குமதியையும் விற்பனையையும் நிறுத்துங்கள், வீட்டில் இருக்கும் முதிய நாயைக் கத்திக்கு உட்படுத்தாதீர்கள் என்பது அவர்கள் நிலை. இனிப் பிறக்க இருக்கும் நாய் வேறு, இப்போது வீட்டில் இருக்கும் நாய் வேறு என்ற இந்த வேறுபாடு கூர்ந்து நோக்கத் தக்கது. மார்ச் மாதக் கடிதம் இரண்டையும் ஒரே வீச்சில் தொட்டது. முன்னதை மட்டும் தொட்டிருப்பின் எதிர்ப்பின் பெரும்பகுதி எழுந்தே இராது.

நீதிமன்றங்கள் கூறியவை

கர்நாடக உயர் நீதிமன்றம் நாய்கள் சாதுவானவை என்று தீர்ப்பளிக்கவில்லை. வளர்ப்போரையும் இனங்களுக்குச் சான்று அளிக்கும் அமைப்புகளையும் கலந்து கொள்ளாமல் முடிவு எடுக்கப்பட்டது, குழு விதிகளின்படி அமையவில்லை என்பனவே அதன் கருத்து. உரியவர்களைக் கலந்து, சட்டப்படி புதிய நடவடிக்கை எடுக்க அரசுக்குத் தடை இல்லை என்றும் அது தெளிவாக்கியது. டில்லி உயர் நீதிமன்றம் இன்னும் நடைமுறை நோக்கில் பேசியது. ஒவ்வொரு நாய் உரிமையாளரையும் நேரில் அழைத்துக் கேட்பது இயலாத காரியம். ஆகவே தேசிய நாளிதழ் ஒன்றிலும் துறையின் இணையத் தளத்திலும் அறிவிப்பு வெளியிட்டு, எழுத்து மூலம் ஆட்சேபங்களைப் பெற்று, அவற்றைப் பரிசீலித்து முடிவு செய்தால் போதும் என்று அது வழி காட்டியது. நிர்வாகப் பயிற்சி பெறும் மாணவர் இப்பகுதியைப் படித்தறிய வேண்டும். கருத்துக் கேட்டல் என்பது வெறும் சடங்கன்று. ‘டெரியர்கள்’ என்ற சொல் அந்நிலையிலேயே திருத்தம் பெற்றிருக்கும்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துப் படுகாயப்படுத்தின. சில நாட்களில் தமிழக அரசின் கால்நடைத் துறை அதே 23 இனங்களுக்குத் தடை அறிவித்தது; அறிவித்த வேகத்திலேயே அதனைத் திரும்பப் பெற்றது. மத்திய அரசின் கடிதம் அதற்கு முந்தைய மாதமே நீதிமன்றங்களால் நீக்கப்பட்டிருந்தது. மக்களின் கோபத்திற்கு உடனே விடை கூற வேண்டிய நெருக்கடியில், கையில் கிடைத்த பட்டியலை எடுத்து வெளியிடுவது எளிது. அது நிலைக்குமா என்பது வேறு கேள்வி.

பிரிட்டனின் பட்டறிவு

இத்துறையில் நீண்ட அனுபவம் உடைய நாடு பிரிட்டன். சிறுவர்கள் உட்படப் பலர் கடிபட்டதைத் தொடர்ந்து, 1991ஆம் ஆண்டு உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் அபாயகரமான நாய்கள் சட்டத்தை நாடாளுமன்றத்தில் மிக விரைவாக நிறைவேற்றினார். பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகிய நான்கு வகைகள் அதில் இடம் பெற்றன. சட்டம் ‘இனம்’ என்று கூறாமல் ‘வகை’ என்று கூறியது. பரம்பரை எதுவாயினும், தோற்றத்தில் கணிசமான கூறுகள் ஒத்திருந்தால் போதும் என்று நீதிமன்றங்கள் பொருள் கொண்டன. தம் நாய் அவ்வகையைச் சேர்ந்தது அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை உரிமையாளர் தோள்மீது வைக்கப்பட்டது.

வளர்ப்போரின் எதிர்ப்பு ஒரு நாயின் பெயரால் திரண்டது. லண்டனில் டெம்ப்சி என்ற பிட்புல் வகை நாய் 1992இல் உடல்நலம் குன்றியபோது அதன் வாய்மூடி பொது இடத்தில் சற்று நேரம் கழற்றப்பட்டது. அதற்காக அதனைக் கொல்ல ஆணை பிறந்தது. அது யாரையும் கடித்ததில்லை. மூன்று ஆண்டு வழக்குக்குப் பின், 1995இல், நடைமுறைக் குறை ஒன்றின் பேரில் அது உயிர் தப்பியது. 1997இல் சட்டம் திருத்தப்பட்டு, நாய் பொதுமக்களுக்கு ஆபத்து இல்லாதது என்று நீதிமன்றம் கருதினால் அதனை விலக்குப் பட்டியலில் சேர்த்து உயிரோடு விடும் அதிகாரம் வழங்கப்பட்டது. வளர்ப்போரின் எதிர்ப்பு சட்டத்தை ஒழிக்கவில்லை. அதன் கூர்மையைக் குறைத்தது.

2023 செப்டம்பரில் எக்ஸ்.எல். புல்லி என்ற பெரிய உடல் படைத்த வகையையும் தடை செய்யப் போவதாக அந்நாட்டுப் பிரதமர் அறிவித்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவ்வாண்டு டிசம்பர் 31 முதல் அதன் விற்பனையும் இனப்பெருக்கமும் குற்றமாயின; 2024 பிப்ரவரி முதல் நாளிலிருந்து விலக்குச் சான்று இன்றி வைத்திருப்பதே குற்றமாயிற்று. விலக்குப் பெறக் கட்டணம் 92 பவுன் 40 பென்ஸ். கருத்தடை, அடையாளச் சில்லு, மூன்றாம் தரப்புக் காப்பீடு, வெளியில் கயிறும் வாய்மூடியும் ஆகியவை நிபந்தனைகள். நாயைக் கால்நடை மருத்துவர் மூலம் உயிர்நீக்க ஒப்புக் கொள்வோருக்கு 200 பவுன் ஈடு வழங்கப்பட்டது. லண்டன் தெருக்களில் உரிமையாளர்கள் ஊர்வலம் சென்றனர். தடை அப்போது நடைமுறைக்கு வந்திராத ஸ்காட்லாந்துக்குச் சிலர் நாய்களை அனுப்பினர். விரைவில் ஸ்காட்லாந்தும் அதே வழியைப் பின்பற்றியது.

இந்த வகைக்கும் அங்கீகரிக்கப்பட்ட இலக்கணம் இல்லாமையால் அரசே அளவு வகுத்தது. ஆண் நாயாயின் தோள் உயரம் 51 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல், பெண் நாயாயின் 48 என்பன போன்ற குறிப்புகள் வெளியாயின. மக்கள் அளவு நாடாவுடன் தம் நாயின் அருகில் மண்டியிட்டனர். ஐயம் இருப்பின் முன்னெச்சரிக்கையாகப் பதிவு செய்து விடுங்கள் என்று அரசு அறிவுரை கூறிற்று. நாட்டில் இத்தகைய நாய்கள் பத்தாயிரம் வரை இருக்கலாம் என்பது அரசு முதலில் கொண்ட மதிப்பீடு. பதிவுக்கு வந்தவையோ 55,000க்கும் மேல். இதிலிருந்து இரு செய்திகள் புலனாகின்றன. தடைக்கு முன் அரசிடம் சரியான கணக்கு இல்லை. நாயை உயிரோடு வைத்துக் கொள்ள ஒரு வழி திறந்திருந்தால், வளர்ப்போர் தாமே முன்வந்து பதிவு செய்கின்றனர். ஊர்வலம் சென்றவர்களும் படிவத்தை நிரப்பினர்.

1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் குறித்து அந்நாட்டிலேயே கருத்து வேறுபாடு உண்டு. அதன்பின் வந்த பத்தாண்டுகளில் நாய்க்கடியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கை குறையவில்லை, உயர்ந்தது. நாய்களின் தொகையும் அக்காலத்தில் பெருகியதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டுவது முறையாகாது. நெதர்லாந்து 1993இல் கொண்டு வந்த பிட்புல் தடையைப் பயன் தரவில்லை என்று கண்டு 2008இல் கைவிட்டது. இத்தாலி ஒரு காலத்தில் 92 இனங்களைப் பட்டியலிட்டு, பின் அதனை 17ஆகக் குறைத்து, 2009இல் முற்றிலும் நீக்கியது. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1989 முதல் இருந்த பிட்புல் தடையை 2020இல் வாக்காளர்கள் நீக்கி, அதன் இடத்தில் அனுமதிச் சீட்டு முறையை ஏற்றனர். மூன்றாண்டுக் காலம் எந்த விதிமீறலும் இல்லையாயின் தனி அனுமதி தேவையில்லை. அந்நாய் மற்ற நாய்களைப் போலவே நடத்தப்படும்.

கடிபட்டோர் தரப்பு

வளர்ப்போரின் வாதங்களில் மிகப் பழகிப் போனது, கெட்ட நாய் இல்லை, கெட்ட உரிமையாளரே உண்டு என்பது. இது பாதி உண்மை. சிறிய நாய் கடித்தால் தையல் போடலாம். 50 கிலோ எடையுள்ள நாய் ஒரு குழந்தையைப் பற்றினால் பக்கத்தில் நிற்பவர் இழுத்து விடுவிப்பதும் அரிது. கடிக்கும் வாய்ப்பு எல்லா நாய்க்கும் பொது. கடியின் விளைவு பொது அன்று. பெரிய வாகனம் ஓட்டுபவருக்குத் தனி உரிமம் கேட்பதை யாரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. வலிமை மிக்க நாயை வைத்திருப்பவரிடம் கூடுதல் பொறுப்பைச் சட்டம் எதிர்பார்ப்பதும் அத்தகையதே. நீதிமன்றத்திற்கு உரிமையாளர்கள் வந்தனர்; பூங்காவுக்குப் போக அஞ்சும் குழந்தை வரவில்லை. நிர்வாகம் இரு தரப்பையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டது.

உரிமையாளரின் பொறுப்பைப் பற்றிய சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. தம் வசமுள்ள விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராதபடி காக்கத் தவறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ விதிக்கப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு இடம் அளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 291ஆம் பிரிவு சிறைக் காலத்தை அவ்வாறே வைத்து, அபராத வரம்பை ஆயிரம் ரூபாயிலிருந்து ஐயாயிரமாக உயர்த்தியுள்ளது. நாய் வளர்த்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இவ்விதிகளை உறுதியாகச் செயற்படுத்தினால் குட்டி பிறக்கும் இடத்திலேயே கணக்கு தொடங்கி விடும். இனத்தின் பெயரைப் பற்றிய சச்சரவும் அங்கேயே பாதி தீரும். தாயும் தந்தையும் எவை என்பதை விற்பவர் அறிவார்.

சண்டீகர் 2025இல் வெளியிட்ட துணைவிதிகள் இடைவழி ஒன்றைக் கண்டுள்ளன. குறிப்பிட்ட சில இனங்களைப் புதிதாக வளர்க்கத் தடை உண்டு. முன்னரே பதிவான நாய்கள் நிபந்தனைகளோடு உரியவரிடமே இருக்கலாம். வளர்ப்போர் முன்பு வேண்டிய வேறுபாட்டிற்கு இது ஓரளவு இடம் தருகிறது. ஆயினும் பதிவு செய்யாமலே விட்டவர்கள் இனி முன்வருவார்களா என்ற வினா நிற்கிறது. அவர்கள் முன்வந்தால் தண்டனை, ஒளிந்தால் நிம்மதி என்ற நிலை நீடித்தால் பதிவேடு நிறையாது.

கணக்கு இல்லாத இடம்

நாட்டில் 2024ஆம் ஆண்டு பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்திற்கும் மேல் என்பது அரசு நாடாளுமன்றத்தில் தந்த தகவல். இந்தப் பேரெண்ணில் தெரு நாய் கடித்தது எவ்வளவு, வளர்ப்பு நாய் கடித்தது எவ்வளவு, அவற்றுள் பெரிய இனங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கணக்கு பொதுப் பார்வைக்கு வருவதில்லை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தெரு நாய்கள் ஒரு கோடியே 53 லட்சம். வளர்ப்போர் ‘எங்கள் நாய்களைக் குறை கூறுகிறீர்களே, தெருவைப் பாருங்கள்’ என்று வாதிடுவதற்கும், தடை கோருவோர் ‘ஒவ்வொரு பிட்புல்லும் ஒரு கொலைகாரன்’ என்று பேசுவதற்கும் இந்த வெற்றிடமே இடம் கொடுக்கிறது.

நகர சுகாதார அலுவலர் ஒருவர் இதனைச் சரி செய்யப் புதிய சட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வெறிநோய்த் தடுப்பூசி போட வருவோரிடம், கடித்த நாய்க்கு உரிமையாளர் உண்டா, அது என்ன உருவம், எவ்விடத்தில் கடித்தது, கயிற்றில் இருந்ததா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதி வைக்கலாம். நாய் உரிமம் வழங்கும் பிரிவு அந்த ஏட்டை வாரம் ஒரு முறை வாங்கிப் பார்த்து, உரிமையாளர் உள்ள நாய்களின் வீட்டிற்குக் கால்நடை மருத்துவர் ஒருவரை அனுப்பலாம். வருபவர் அபராதச் சீட்டோடு அன்றித் தடுப்பூசியோடு வந்தால், கதவு திறக்கப்படும்.